மருந்துப் புட்டியின் நிறமும் ஏரி மீனின் உயிரும்

திருவண்ணாமலை என்றவுடன் எல்லோருக்கும் மலையும் தீபமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மலைமீது ஏறி நின்று நாற்புறமும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு, மழைக்காலத்தில், வேறொரு காட்சியும் தென்படும். கண்ணாடித் துண்டுகளை வாரி இறைத்தாற்போல ஏரிகளும் குளங்களும் மின்னும். பழைய வட ஆர்க்காட்டிலிருந்து 1989ஆம் ஆண்டில் பிரிந்த இந்த மாவட்டம் ஏரியையும் கிணற்றையும் நம்பிய பூமி. செய்யாறும் தென்பெண்ணையும் ஓடுகின்றன என்றாலும், அவை வருஷம் முழுவதும் நீர் ஓடும் ஜீவநதிகள் அல்ல. மழை பெய்தால் ஏரி நிரம்பும். ஏரி நிரம்பினால் கழனி விளையும். இதுவே இந்தப் பக்கத்துக் குடியானவரின் கணக்கு.

இந்தக் கணக்கில் நெல்லைத் தவிர இன்னொரு வரவும் உண்டு. அதுதான் மீன். கெண்டை, கெளுத்தி, விரால், குறவை, ஆரால், அயிரை என்று ஏரி தானாகவே கொடுத்த மீன்கள் ஒரு பக்கம். கட்லா, ரோகு, மிர்கால் என்று குஞ்சு விட்டு வளர்க்கும் மீன்கள் இன்னொரு பக்கம். பல ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை ஏலம் விடப்படுகிறது. குத்தகை எடுத்தவர் மழைக்காலத்தில் குஞ்சு வாங்கி விட்டு, நீர் வற்றி வரும் மாசி, பங்குனியில் வலை போட்டு முதலை எடுக்கப் பார்க்கிறார். கடல் மீன் வந்து சேர நெடுந்தூரம் உள்ள இந்த ஊர்களில், ஏழைக் குடும்பத்துச் சட்டிக்குப் புரதம் கொடுப்பது பெரும்பாலும் இந்த ஏரி மீன்தான்.

அந்த மீனுக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. அது கரையின்மேல் இருக்கும் கழனியிலிருந்து இறங்கி வருகிறது. பயிரைக் காக்க அடிக்கும் பூச்சி மருந்து நீரோடு கலந்து ஏரிக்குள் வந்தால் மீன் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பல வருஷங்களுக்கு முன்பே பதில் கண்டுவிட்டார்கள். ஆனால் மருந்து வாங்கும் குடியானவருக்கு அந்தப் பதிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் யாரும் சொல்லவில்லை. விஷயத்தின் மர்மமெல்லாம் மருந்துப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சிறு முக்கோணத்தில் இருக்கிறது.

ஒரே காலம், ஒரே நீர்

முதலில் நீர் போகும் வழியைப் பார்ப்போம். நம் முன்னோர் ஏரிகளைத் தனித்தனியாக வெட்டவில்லை. சங்கிலிபோல ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தார்கள். மேல் ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த நீர் கீழ் ஏரிக்கு வரும். மேல் ஏரியின் மதகிலிருந்து பாய்ந்த நீர் கழனிகளில் தங்கி, மிச்சம் வடிகாலில் இறங்கி, அதுவும் அடுத்த ஏரிக்கே போய்ச் சேரும். ஒரு சொட்டு நீரும் வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு இது. ஆனால் நீர் போகும் வழியே நஞ்சும் போகும் என்பதை அந்தக் காலத்தில் யாரும் நினைத்திருக்க முடியாது. அன்று கழனியில் போட்டது எருவும் தழையும்தான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கார்த்திகை தீபம் ஏற்றும் நாட்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரிகள் நிரம்பியிருக்கும். ஐயங்குளத்தில் தெப்பம் மிதக்கும் அதே சமயத்தில் சுற்றுவட்டாரக் கழனிகளில் சம்பா நெல் கதிர் வாங்கும் பருவத்தில் நிற்கும். தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப் புழு, புகையான் ஆகியவை கைவரிசை காட்டுவதும் இந்தப் பருவத்தில்தான். ஆகவே மருந்தடிப்பதும் மழை பெய்வதும் ஏரியில் மீன் குஞ்சு வளர்வதும் ஒரே மாதங்களில் நடக்கின்றன. காலையில் அடித்த மருந்து மாலை மழையில் கழுவப்பட்டால் அது வரப்பைத் தாண்டி வடிகாலுக்கு வர எத்தனை நேரம் ஆகும்?

அடுத்து வரும் நவரைப் பட்டத்தில் வேறு விதமான தொல்லை. அப்போது மழை இராது. ஆனால் ஏரியில் நீர் குறைந்துகொண்டே வரும். நிறைந்த ஏரியில் கரைந்து மறைந்து போகக்கூடிய அளவு நஞ்சு, முழங்கால் நீரில் பல மடங்கு கடுமையாகிவிடும். மீன் கொழுத்து வலைக்குத் தயாராக இருப்பதும் அந்தச் சமயந்தான்.

முக்கோணம் சொல்வது என்ன?

பூச்சி மருந்துப் புட்டியின் மேல் சதுரக் கட்டத்தினுள் ஒரு முக்கோணம் வர்ணத்தில் அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கலாம். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள் என்றால் அதற்கு அடுத்த படி. நீலம் அதற்கும் கீழே. பச்சை என்றால் மிகக் குறைந்த நஞ்சு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

இந்த நிறங்களை எப்படிப் பிரித்தார்கள்? எலிகளுக்கு மருந்தை வாய்வழியாகக் கொடுத்துச் சோதிப்பார்கள். கொடுத்த எலிகளில் பாதி இறக்க, எலியின் எடையில் ஒரு கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து வேண்டும் என்று கணக்கெடுப்பார்கள். 50 மில்லிகிராமுக்குள் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள். 501 முதல் 5,000 வரை நீலம். அதற்கும் மேல் போனால் பச்சை. எலிக்கும் மனிதனுக்கும் உடலமைப்பில் ஒற்றுமை இருப்பதால் இந்தக் கணக்கு மனிதனுக்கு உள்ள அபாயத்தை ஓரளவு காட்டுகிறது.

இந்த ஏற்பாடு பிறந்த கதையும் இதற்கு ஏற்றதே. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்ற பூச்சி மருந்து உணவுப் பண்டங்களோடு கலந்துவிட, அதை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். அந்தத் துயரத்தின் விளைவாக விசாரணை நடந்து, முடிவில் 1968ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. மனித உயிரைக் காக்க வந்த சட்டம், மனிதனுக்கு உள்ள அபாயத்தை அளந்து நிறம் கொடுத்தது. அதில் குற்றம் சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நிறத்தைக் கொண்டு மீனுக்கு உள்ள அபாயத்தையும் அறியலாம் என்று நினைத்தால் அங்கேதான் ஏமாற்றம்.

இரண்டு மருந்துகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று மோனோகுரோட்டோபாஸ். பல வருஷம் இந்தியக் குடியானவர்கள் கையில் புழங்கிய சிவப்பு முக்கோண மருந்து. மனிதனுக்கும் பறவைக்கும் கொடிய எமன். அதன் 36 சதவிகிதத் திரவத்துக்கு மத்திய சர்க்கார் 2023ஆம் ஆண்டில் தடை உத்தரவு போட்டுவிட்டது. இன்னொன்று சைபர்மெத்ரின். கத்தரிக்கும் வெண்டைக்கும் பருத்திக்கும் அடிக்கும் மஞ்சள் முக்கோண மருந்து. சாமந்திப் பூவின் இனத்தைச் சேர்ந்த பைரித்ரம் என்ற செடியின் பூவில் உள்ள சத்தைப் பார்த்து ரசாயனத்தில் செய்த இனம். இந்த இனத்தைச் சேர்ந்த வேறு சில மருந்துகள் நெல்லுக்கும் அடிக்கப்படுகின்றன.

நிறத்தைப் பார்த்தால் முதலாவதுதான் கொடியது. மீனைக் கேட்டால் கதை தலைகீழாகிறது. மீன்களில் பாதியை நான்கு நாளில் கொல்ல, மோனோகுரோட்டோபாஸ் ஒரு லிட்டர் நீரில் பல மில்லிகிராம் இருக்க வேண்டும். சைபர்மெத்ரினோ, கெண்டை போன்ற மீனுக்கு லிட்டருக்குச் சுமார் ஒரு மைக்ரோகிராம் இருந்தால் போதும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது, மஞ்சள் முக்கோணம் போட்ட மருந்து மீனைப் பொறுத்தவரையில் சிவப்பு முக்கோண மருந்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கொடியது!

"சிவப்பு வேண்டாம், மஞ்சளே கொடுங்கள், ஆபத்துக் குறைவு" என்று கடையில் கேட்டு வாங்குகிற குடியானவர் தம் உடம்புக்கு நல்லதே செய்துகொள்கிறார். அதே சமயத்தில் தம்மை அறியாமலே ஏரி மீனுக்குப் பெரிய தீங்கை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். இதில் அவர் பிழை ஒன்றுமில்லை. புட்டி அவருக்கு அதைச் சொல்லவில்லை.

நூறு மில்லியும் ஆறு ஏக்கரும்

ஒரு மைக்ரோகிராம் என்றால் மனத்தில் உருவம் தோன்றாது. ஆகையால் சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். 25 சதவிகிதம் வீரியமுள்ள சைபர்மெத்ரின் 100 மில்லிப் புட்டி ஒன்றில் சுமார் 25 கிராம் அசல் நஞ்சு இருக்கிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம் பிரித்தால் அது இரண்டரைக் கோடி லிட்டர் நீருக்கு வரும். ஒரு மீட்டர் ஆழமுள்ள குட்டையாக நினைத்தால் அதன் பரப்பு இரண்டரை ஹெக்டேர். நம் கணக்கில் ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடங்கும் ஒரு புட்டிக்கு ஏட்டுக் கணக்குப்படி அவ்வளவு வல்லமை.

ஏட்டுக் கணக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சோதனைச் சாலைத் தொட்டியில் இருப்பது தெளிந்த நீர். நம் ஏரி நீரிலோ வண்டலும் பாசியும் தழையும் கலந்திருக்கின்றன. இந்த இன மருந்துகள் மண்ணோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும் குணமுள்ளவை. வெயிலிலும் நாளடைவில் சிதைகின்றன. ஆகவே புட்டி முழுவதும் கவிழ்ந்தாலும் ஆறு ஏக்கர் மீனும் செத்தே தீரும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் மதகோரத்தில் ஸ்பிரேயர் கழுவுகிற இடத்தில், வாய்க்கால் வந்து விழுகிற முகத்தில், ஆழமில்லாத ஓரங்களில் நஞ்சு கரைந்து பரவுவதற்கு முன் வேலையை முடித்துவிடும். மீன் குஞ்சுகள் கூட்டமாக மேய்வதும் அந்த ஓரங்களில்தான்.

மீன் ஏன் தாங்குவதில்லை?

மனிதன் தாங்கும் நஞ்சை மீன் தாங்காமல் போவது ஏன்? மீன் குடிப்பதும் மூச்சு விடுவதும் நீரில்தான் என்பதே முதல் காரணம். பிராணவாயு நீரில் மிகச் சொற்பம். அதைப் பெற மீன் இடைவிடாமல் நீரைச் செவுள் வழியே செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். செவுளின் தோலோ மெல்லிய திரை. நீரில் உள்ள நஞ்சு அந்தத் திரையைக் கடந்து நேரே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கழனியில் மருந்தடித்தவர் வேலை முடிந்ததும் கைகால் கழுவி வீட்டுக்குப் போகலாம். மீனுக்குப் போக வேறு வீடு இல்லை.

இரண்டாவது காரணம் ஈரல். எலியின் ஈரலும் மனிதனின் ஈரலும் சைபர்மெத்ரின் இன நஞ்சை விரைவில் உடைத்து வெளியேற்றிவிடுகின்றன. மீனின் ஈரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. உடைபடாத நஞ்சு நரம்புகளைத் தாக்கி, ஓய்வில்லாமல் துடிக்க வைக்கிறது. மீன் நிலைகொள்ளாமல் சுழல்கிறது; ஒரு பக்கமாகச் சாய்கிறது; முடிவில் மல்லாந்து மிதக்கிறது. பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகள் வேறு வழியில் நரம்பைக் கெடுக்கின்றன. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதி ஒன்றை அவை முடக்கிவிடுகின்றன. வழி எதுவானாலும் முடிவு ஒன்றே.

சாகாத மீனும் நஷ்டமே

செத்து மிதக்கும் மீனை ஊரே பார்க்கிறது. பார்க்க முடியாத நஷ்டம் அதைவிடப் பெரிது. கொல்லும் அளவுக்குக் கீழே நஞ்சு இருந்தால் மீன் பிழைத்துவிடும். ஆனால் அதன் செவுள் வீங்குகிறது. இரை தேடும் சுறுசுறுப்புக் குறைகிறது. பருந்தும் கொக்கும் எளிதில் கவ்விப் போகின்றன. முட்டையும் குஞ்சும் பெரிய மீனைவிட மென்மையானவை. மீன் குஞ்சுக்கு முதல் இரை, கண்ணுக்குப் புலப்படாத நீர்ப்பூச்சிகள். பூச்சியைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து அவற்றை விட்டுவைக்குமா? இரை அழிந்த குளத்தில் குஞ்சு பட்டினியால் சாகும். குத்தகைக்காரர் பத்தாயிரம் குஞ்சு விட்டேன், ஆயிரம்கூடத் தேறவில்லையே என்று தலையில் கை வைக்கும்போது, காரணம் எது என்று அவருக்குத் தெரிவதில்லை.

இதற்கு முன்பு பெயர் பெற்றிருந்த டி.டி.டி. முதலிய குளோரின் இன மருந்துகள் இன்னொரு கெடுதலும் செய்தன. அவை சிதையாமல் கொழுப்பில் தங்கின. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்துக் கிளியர் ஏரியில் சிறு கொசு இனம் ஒன்றை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் நெருங்கிய உறவான ஒரு மருந்தைக் கலந்தார்கள். 1954ஆம் ஆண்டில் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்குதான். ஆனால் அது பாசியிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனைத் தின்ற நீர்ப்பறவைக்கும் ஏறிக்கொண்டே போயிற்று. செத்த பறவைகளின் கொழுப்பில் பத்து லட்சத்துக்கு 1,600 பங்கு நஞ்சு இருந்தது. 1962ஆம் ஆண்டில் ரேச்சல் கார்சன் அம்மையார் எழுதிய நூல் இந்தச் செய்தியை உலகத்தின் காதில் போட்டது. இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. உபயோகிப்பது 1989ஆம் ஆண்டில் விலக்கப்பட்டது. இப்போது புழங்கும் மருந்துகள் பெரும்பாலும் அப்படித் தங்குவதில்லை என்பது ஆறுதல். ஆனால் அவற்றில் பல, தங்குவதற்கு முன்பே கொல்லும் வேகம் படைத்தவை.

உலகம் கண்ட பாடங்கள்

நீரில் இறங்கிய மருந்து மீனை வாரிக்கொண்டு போன சம்பவங்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐரோப்பாவின் ரைன் நதியில் லட்சக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியே காரணம் என்று தெரிந்தது. அதே மருந்தைத்தான் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்து முந்திரித் தோட்டங்களில் 2000ஆம் ஆண்டு வரையில் பல வருஷங்கள் ஹெலிகாப்டர் மூலம் தெளித்தார்கள். குட்டைகளில் மீனும் தவளையும் செத்ததை அவ்வூர் மக்கள் கண்டு சொன்னார்கள். பிறகுதான் மனிதர்களின் நோய்கள் நாட்டின் கவனத்தை இழுத்தன. 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானுக்கு நாடெங்கும் தடை விதித்தது. முதலில் முறையிட்டவை குட்டை மீன்களே; அந்த முறையீட்டை யாரும் காதில் வாங்கவில்லை.

ஜப்பான் வேறு விதமாக நடந்துகொண்டது. நம்மைப்போல அரிசி உண்ணும் நாடு. நம்மைப்போலக் கழனியும் நீரும் மீனும் ஒன்றோடொன்று பிணைந்த நாடு. 1962ஆம் ஆண்டில் அங்கே நெற்கழனிகளில் களையைக் கொல்லத் தூவிய ஒரு மருந்து, கனமழையில் அடித்துக்கொண்டு போய் அரியாக்கே கடலிலும் பீவா ஏரியிலும் மீனையும் சிப்பியையும் ஏராளமாக அழித்தது. மீனவர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டிலேயே விவசாய மருந்துச் சட்டம் திருத்தப்பட்டது. ஒவ்வொரு மருந்தையும் கெண்டை மீனின்மேல் சோதித்து, மீனுக்கு எவ்வளவு அபாயம் என்று வகுப்புப் பிரித்தார்கள். எலியோடு மீனும் சட்டத்துக்குள் வந்தது.

நம் நாட்டிலும் மீன் சோதனை நடக்காமல் இல்லை. பதிவுக்கு வரும் புதிய மருந்துக்கு மீன்மேல் நடத்திய சோதனை விவரமும் கேட்கப்படுகிறது. நம் கல்லூரிகளின் விலங்கியல் பகுதிகளில் மாணவர்கள் கண்ணாடித் தொட்டிகளில் கெளுத்தியையும் கெண்டையையும் விட்டு இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த விவரம் முக்கோணத்தில் ஏறுவதில்லை. சில மருந்துகளோடு வரும் துண்டுப் பிரசுரத்தில், பல பாஷைகளில், பொடி எழுத்தில், மீனுக்கு ஆபத்து என்று ஒரு வரி இருக்கும். கழனியோரத்தில் புட்டியைத் திறக்கும்போது அந்தத் தாளைப் பிரித்துப் படிப்பவர் எத்தனை பேர்? வேறு பல நாடுகளில் நீர்வாழ் உயிர்களுக்கு ஆபத்தான ரசாயனத்தின் மேல் பட்ட மரமும் செத்த மீனும் உள்ள படம் ஒன்றை ஒட்டுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ள எந்த பாஷையும் வேண்டாம்.

நஞ்சா, மூச்சுத் திணறலா?

ஏரியில் மீன் செத்தால் உடனே மருந்துதான் காரணம் என்று சொல்லிவிடவும் கூடாது. பாசி மண்டிப் பச்சையாகத் தேங்கிய நீரில், மேகமூட்டமான நாட்களில், பிராணவாயு குறைந்தும் மீன்கள் கூட்டமாகச் சாவதுண்டு. சாக்கடை கலந்தாலும் அப்படியே. குளங்கள் தூர்ந்து போனது, அயல்நாட்டு ஜிலேபி மீன் பெருகியது, மழை பொய்த்தது ஆகியவையும் நாட்டு மீன்களைக் குறைத்திருக்கின்றன. பழியெல்லாம் கழனியின் மேலேயே போட்டால் அது நியாயமாகாது.

இரண்டையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. பிராணவாயுக் குறைவால் மீன் சாவது பெரும்பாலும் விடியற்காலையில். சாவதற்கு முன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள் முதலில் சாகும். காற்றை நேரே சுவாசிக்கும் விராலும் குறவையும் தப்பிப் பிழைக்கும். மருந்தால் சாவது எந்த நேரத்திலும் நடக்கும். மருந்தடித்த மறுநாளோ, மழை பெய்த மறுநாளோ நடந்தால் சந்தேகம் வலுக்கும். சிறு மீன்கள் முதலில் போகும். மீன்கள் பித்துப் பிடித்தாற்போலச் சுழலும். கூடவே இறாலும் நண்டும் நீர்வண்டுகளும் செத்துக் கிடக்கும். விராலும் தப்பாது.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பரிசோதனைதான் வழி. அதற்கு நாழிகை கடத்தக் கூடாது. வாய்க்கால் வந்து விழும் இடத்து நீரைச் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் பிடித்து, உயிர் போகும் நிலையில் உள்ள மீன் சிலவற்றையும் எடுத்து, ஐஸில் வைத்து, மீன்வளத் துறை அலுவலகத்திலோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திலோ ஒப்படைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து அழுகிய மீனைக் காட்டினால் எந்த நிபுணராலும் ஒன்றும் சொல்ல முடியாது. அப்படிச் செத்த மீனை வாரிக்கொண்டு போய்ச் சந்தையில் விற்பதும், குழம்பு வைப்பதும் கூடவே கூடாது.

சட்டம் எங்கே நிற்கிறது?

நீரில் நஞ்சு கலந்து மீன் பிடிப்பது குற்றம் என்று 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்பிடிச் சட்டமே சொல்கிறது. அன்று எழுதிய தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம். ஒரு புட்டி மருந்தைக் குட்டையில் ஊற்றி மீனை அள்ளும் கயவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால் அது மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்வதைத்தான் குற்றமாக்குகிறது. கத்தரிச் செடிக்கு அடித்த மருந்து மழையில் இறங்கி ஏரிக்கு வந்தால், அங்கே குற்றவாளி யார்? குடியானவர் மீனைக் கொல்ல நினைக்கவில்லை. கடைக்காரர் சட்டப்படி விற்றார். கம்பெனி சட்டப்படி முக்கோணம் போட்டது. எல்லோரும் சட்டப்படி நடந்தார்கள். குத்தகைக்காரர் மட்டும் முதலை இழந்தார். நஷ்டஈடு கேட்க அவருக்கு வழி தெரிவதில்லை.

மாநில சர்க்கார் ஒரு மருந்தை ஆபத்து என்று கண்டாலும், 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 60 நாள்தான் நிறுத்தி வைக்கலாம். பின்னர் 30 நாள் நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை மத்திய சர்க்காரின் கையில் இருக்கிறது. ஆகவே முக்கோணத்தின் பக்கத்தில் மீன் படம் வர வேண்டுமென்றாலும் குரல் டில்லி வரை கேட்டாக வேண்டும்.

மருந்தே வேண்டாமா?

மருந்தை அறவே விட்டுவிடுங்கள் என்று குடியானவரிடம் சொல்வது எளிது. கடன் வாங்கி நட்ட பயிரைப் புகையான் தின்றால் கடனை அடைப்பது யார்? ஆகவே கேள்வி, மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எப்போது, எது, எப்படி என்பதே கேள்வி.

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு வரம்பு சொல்கிறது. ஒரு தூருக்குள் உள்ள ஒவ்வொரு கிளைக்கும் ஒரு புகையான் பூச்சி என்ற கணக்கு வந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால், கிளைக்கு இரண்டு பூச்சி வரையிலும் பொறுக்கலாம்; மிச்சத்தைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். இந்தக் கணக்கை எண்ணிப் பாராமல் பயத்தில் அடித்தால் முதலில் சாவது சிலந்தி. பிறகு புகையான் முன்னிலும் பெருகி வரும். பைரித்ரம் இன மருந்துகளை நெல்லுக்கு அடித்தால் இந்த விபரீதம் நேர்கிறது என்று நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள்.

இந்தோனேஷியா இதைப் பட்டறிவால் உணர்ந்தது. 1986ஆம் ஆண்டில் அந்நாட்டு சர்க்கார் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளை ஒரே உத்தரவில் விலக்கியது. மருந்துக்குக் கொடுத்து வந்த மானியத்தையும் படிப்படியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்துவிடும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். விளைச்சல் விழவில்லை; செலவு குறைந்தது.

நம் நாட்டுப் பழக்கத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுமுன் குளத்தில் உள்ள கொன்றுண்ணி மீன்களை ஒழிக்க இலுப்பைப் பிண்ணாக்குப் போடுவதுண்டு. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்குச் சுமார் 2,500 கிலோ. அதுவும் மீனைக் கொல்லும் நஞ்சுதான். ஆனால் இரண்டு, மூன்று வாரத்தில் நஞ்சு தணிந்து அதுவே எருவாகிவிடுகிறது. அந்தக் கணக்கு தெரிந்து, நாள் எண்ணிக் காத்திருந்து, பிறகு குஞ்சு விடுகிறார்கள். நஞ்சின் குணமும் ஆயுளும் தெரிந்தவன் கையில் அது கருவி. தெரியாதவன் கையில் அது விபத்து.

செய்யக்கூடியவை

சட்டம் மாறும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியவை பல. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் ஒட்டிய ஓரங்களில் சில அடி அகலம் மருந்தடிக்காமல் விடலாம். மழைமேகம் கூடியிருக்கும்போதும் காற்று ஏரியை நோக்கி வீசும்போதும் அடிக்காமல் இருக்கலாம். அடித்தபின் கழனி நீரை ஒரு வார காலமாவது வடிகாலில் திறந்துவிடாமல் கட்டி வைக்கலாம். அதற்குள் நஞ்சின் பெரும்பகுதி மண்ணில் ஒட்டியும் வெயிலில் சிதைந்தும் போகும். ஸ்பிரேயரை மதகிலும் கிணற்றடியிலும் கழுவாமல், கழுவிய நீரை அடித்த கழனியிலேயே ஊற்றலாம். காலிப் புட்டியை மும்முறை அலசி, அந்த நீரையும் மருந்துக் கலவையிலேயே சேர்த்து, புட்டியைத் துளையிட்டு, நீர்நிலைக்குத் தூரத்தில் அப்புறப்படுத்தலாம்.

மருந்தடிக்கும் நாளைக் குத்தகைக்காரருக்கு முன்கூட்டிச் சொல்லலாம். அவர் வாய்க்கால் வாயை ஒரு நாள் அடைத்து வைத்தாலும் குஞ்சுகள் பிழைக்கும். இந்த ஒரு வழக்கத்தைக் கிராம சபையில் வைத்து ஊர்க்கட்டாக ஏற்படுத்திக்கொண்டால் சண்டையும் குறையும். மருந்துக் கடைக்காரரும் ஓர் உதவி செய்யலாம். ஏரியோரக் கழனிக்கா, மேட்டு நிலத்துக்கா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மருந்தை எடுத்துக் கொடுக்கலாம். அவருக்குத் தெரியாவிட்டால் வேளாண்மை அலுவலகம் அவருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியது ஒன்று. அதற்குப் பெரிய செலவு கிடையாது. புட்டியின் மேல் முக்கோணத்தின் பக்கத்தில், மீனுக்கு ஆபத்தான மருந்துகளுக்கு மட்டும், ஒரு மீன் படம் போட உத்தரவு இட வேண்டும். மனிதனுக்கு எச்சரிக்கை சொல்ல ஒரு நிறம் போதும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வகுத்தவர்கள் நினைத்தார்கள். அந்த நிறம் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதே புட்டியில் இன்னும் ஓர் அங்குல இடம் காலியாகத்தான் இருக்கிறது.